பல் டாக்டரின் தவளையும் முதல் பக்கமும்

பொய் சொல்வதற்கென்றே ஒரு மேசை. அந்த மேசையில் எல்லோரும் ஒழுங்காகத்தான் பொய் சொல்கிறார்களா என்று பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள். அந்த ஆள் நான். பெயர் டுவைட் பாசெக். லாஸ் வேகஸில், ஃப்ரீமான்ட் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் ஒரு காசினோவில் பதினாறு வருடமாகப் போக்கர் போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன். காசினோவின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓசியில் விளம்பரம் செய்யும் அளவுக்கு அவர்கள் எனக்கு ஒன்றும் செய்துவிடவில்லை.

மேசையில் தகராறு வந்தால் சீட்டுப் போடுபவர் கையைத் தூக்கி "ஃப்ளோர்!" என்று கத்துவார். தரையைக் கூப்பிட்டால் நடுவர் வர வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். எல்லோரும் மிதித்துவிட்டுப் போக வசதியாக இருக்கட்டும் என்று யாரோ யோசித்து வைத்த பெயர்.

சட்டம் சிக்கலானதல்ல. முகத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். கையில் குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு ராஜ்யத்தையே வாங்க வந்தவர் மாதிரி உட்காரலாம். அதற்குப் பெயர் திறமை, தொலைக்காட்சியில்கூடக் காட்டுவார்கள். ஆனால் பந்தயம் கட்டும் முறையில் பொய் கூடாது. பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வட்டச் சில்லுகளை ஒளித்து வைப்பது, கட்டுவது போலக் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொள்வது, வேண்டுமென்றே முறை தவறுவது எல்லாம் பித்தலாட்டம். ஒன்றுக்குக் கைத்தட்டல், இன்னொன்றுக்கு எச்சரிக்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் மேலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பவர் மெர்ல் ஹேவர்ட்டி.

மெர்லுக்கு எழுபத்து நாலு வயது. ஹெண்டர்சனில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடம் முப்பத்தைந்து வருடம் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிப் பழகியவருக்குப் போக்கர் ஒரு கஷ்டமா? ஒவ்வொரு செவ்வாயும் காலை பதினோரு மணிக்கு எங்கள் முதியோர் போட்டிக்கு வந்துவிடுவார். கூடவே எட்டு நண்பர்கள். தலையில் மீன்பிடித் தொப்பி, காதில் கருவி, கையில் பச்சைப் பீங்கான் தவளை.

தவளை சீட்டின் மேல் வைப்பதற்கு. தன் சீட்டு தவறிப்போய் மற்றவர்கள் சீட்டோடு கலந்துவிடாமல் இருக்க எல்லோருமே எதையாவது மேலே வைப்பார்கள். பழைய நாணயம், சாவிக்கொத்து, பேரனின் பொம்மைக் கார். மெர்லின் தவளை மட்டும் ஒரு சப்போட்டாப் பழம் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அந்த அளவு ஏன் என்று போன வருடம்தான் எனக்குப் புரிந்தது.

அதற்கு முன்னால் அவருடைய தோள்பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கை நிறையச் சில்லுகளை அள்ளி நடுமேசையை நோக்கிக் கொண்டுபோவார். எதிராளியின் முகம் மாறுகிறதா என்று பார்ப்பார். எதிராளி பயந்தால் சில்லுகளை வைப்பார். சிரித்தால் கை அப்படியே நின்று திரும்பிவிடும். என்னைக் கூப்பிடுவார்கள்.

"டாக்டர், கையக் கொண்டுபோனா வைக்கணும். பாதியில திருப்பக் கூடாது. எத்தன தடவ சொல்றது?"

"தோள்பட்ட புடிச்சுக்கிச்சு தம்பி. இந்த வயசுல நீயும் பாப்ப."

"போன வாரமும் இதே தோள்தானா?"

"போன வாரம் இடது தோள்."

இன்னொரு நாள் "பந்தயத்த ஏத்துறேன்..." என்று சொல்லி நிறுத்துவார். எதிராளி சீட்டைக் கவிழ்த்து விலகுகிறாரா என்று பார்த்துவிட்டு, "...அப்படின்னு எங்கப்பாவா இருந்தா சொல்லியிருப்பார்" என்று முடிப்பார். சொன்ன சொல் கட்டுப்படுத்தும், ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று நான் போய்ச் சொன்னால் காதுக் கருவியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அது துடைத்து முடிய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் எனக்கே நான் என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துவிடும். விதிப் புத்தகத்தை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பக்கத்தில் எந்த ஓட்டை இருக்கிறதென்று பல் பார்த்த கை தடவியே கண்டுபிடித்துவிடும்.

"ஏன் நீ அவரை வெளியே அனுப்பவில்லை?" என்று கேட்பீர்கள். என் மேலாளர் செட் ப்ரக்னரைக் கேளுங்கள். "டாக்டர் தனியா வரல டுவைட். எட்டுப் பேரக் கூட்டிட்டு வர்றார். எட்டுப் பேரும் மதியம் நம்ம பஃபேலதான் சாப்பிடறாங்க" என்பார். அதாவது எங்கள் காசினோவின் நேர்மைக்கு ஒன்பது தட்டுச் சாப்பாடு விலை. நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அங்கேதான் மதியச் சாப்பாடு.

இனி ஓபல் ட்ருஹியோ. வயது எழுபத்தொன்று. எங்கள் காசினோவிலேயே முப்பத்தொரு வருடம் கீனோ ஓட்டக்காரியாக வேலை பார்த்தவர். சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருப்பவர்களிடம் எண் குறித்த லாட்டரிக் காகிதங்களை மேசை மேசையாக வாங்கிக்கொண்டு ஓடுவது கீனோ ஓட்டம். முப்பத்தொரு வருடத்தில் ஒரு காகிதத்தைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. மாதச் சிறப்பு ஊழியர் என்று அவர் படம் சாப்பாட்டுக் கூடச் சுவரில் பதினாலு வருடம் தொங்கியது. பிறகு கீனோவை மூடினார்கள். சுவரை இடித்து, அந்த இடத்தில் ஸ்லாட் இயந்திரங்களை வைத்தார்கள். படம் எங்கே போனதென்று ஓபல் மூன்று முறை வந்து கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான்காவது முறை கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைப் போட்டியில் பெயர் கொடுத்தார்.

காரணம் ஊருக்கே தெரியும். வருடம் ஒரு முறை, மார்ச் மாதத்தில், எங்கள் முதியோர் போட்டிக்குப் பெரிய இறுதிச் சுற்று உண்டு. ஜெயித்தவரின் படத்தைக் காசாளர் கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டுவோம். பரிசுப் பணமும் உண்டு. ஆனால் இந்த ஊரில் பணம் வெள்ளிக்கிழமை வரைகூடத் தாங்காது. சுவர்தான் தாங்கும். மெர்லின் படம் அங்கே மூன்று முறை இருக்கிறது, மூன்றிலும் தவளையோடு. ஓபலுக்கு ஒரே ஒரு படம் போதும்.

"மறுபடியும் இந்தக் கட்டடத்துல எம் மூஞ்சி தொங்கணும் டுவைட். இந்தத் தடவ ஓடி ஒழச்சதுக்காக இல்ல. உக்காந்து ஜெயிச்சதுக்காக" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவர் தன் சீட்டின் மேல் வைப்பது ஒரு கறுப்பு மெழுகுக் குச்சி. கீனோ காகிதத்தில் எண் குறிக்கக் கொடுப்பார்களே, அது. சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. அதற்குப் பின்னால் ஒரு கடுகைக்கூட ஒளிக்க முடியாது.

போன வருடம் மார்ச் இறுதிச் சுற்றில் கடைசியாக இரண்டு பேர் மிஞ்சினார்கள். மெர்லும் ஓபலும். மதியம் மூன்று மணி. மெர்ல் தன் சில்லுகளைக் காட்டி "மொத்தமும்" என்றார்.

"மொத்தம்னா எவ்ளோ டாக்டர்?" என்று ஓபல் கேட்டார்.

மெர்ல் இரண்டு கையையும் விரித்தார். "கண்ணுக்குத் தெரியறதுதான் கண்ணு. ஏழ டாக்டர்கிட்ட வேற என்ன இருக்கு?"

முன்னால் இருந்தவை ஆயிரம் மதிப்புள்ள கறுப்புச் சில்லுகள், பதினெட்டு. சீட்டுப் போட்ட ரொவீனா மக்சினோ அவற்றை எண்ணிச் சொன்னாள். ஓபலிடம் முப்பத்தைந்தாயிரம். தோற்றாலும் பாதி மிஞ்சும் என்று கணக்குப் போட்டு "ஈடு கட்டறேன்" என்றார். தோற்றார். அப்புறம்தான் மெர்ல் சாவகாசமாகத் தவளையைத் தூக்கினார். பின்னால் இரண்டு மஞ்சள் சில்லுகள். ஒவ்வொன்றும் பத்தாயிரம். ஆக மொத்தம் முப்பத்தெட்டாயிரம், ஓபலிடம் இருந்ததைவிட அதிகம்.

"அடடே! இதுங்க இங்கயா இருக்கு? எனக்கே தெரியாதே" என்றார்.

ரொவீனா "ஃப்ளோர்!" என்று கத்தினாள். போனேன். பெரிய சில்லுகளை எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஈடு கட்டுகிறேன் என்று சொன்னவர், எதிராளியிடம் உண்மையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம், எண்ணிக்கை தப்பானாலும் சரி என்று இன்னொரு விதி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் மேலே, புத்தகத்தின் முதல் பக்கத்தில், முதல் விதியாக ஒன்று இருக்கிறது. விதியின் எழுத்து நியாயத்துக்குக் குறுக்கே வந்தால், நடுவர் எழுத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நியாயத்தைப் பார்க்கலாம்.

முதல் பக்கத்தை எடுக்க முதுகெலும்பு வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் செட் நின்றுகொண்டிருந்தார். மெர்லின் எட்டு நண்பர்களும் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். "ஈடு கட்டினது கட்டினதுதான். மிஸ் ஓபல் அவுட். டாக்டருக்கு ஒரு எச்சரிக்கை" என்றேன். எச்சரிக்கை அட்டையில் காரணம் என்ற கட்டத்தில் 'தவளை' என்று எழுதினேன். மாநிலத்திலேயே ஒரு பீங்கான் தவளையைக் கண்டித்த முதல் நடுவர் நானாகத்தான் இருப்பேன்.

ஓபல் மெழுகுக் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சட்டம்னா சட்டம்தானே டுவைட். அந்தப் புத்தகத்துல எனக்கு ஒண்ணு குடேன்" என்றார். கொடுத்தேன். பாவம், என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன். என் இரக்கத்துக்கு அப்போதெல்லாம் எல்லையே கிடையாது.

அந்த வருடம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை இடைவேளைகளில் ஓபல் காபிக் கோப்பையோடு வந்து எனக்குப் பக்கத்தில் நிற்பார். சந்தேகம் கேட்பார். இப்படிச் செய்தால் என்ன, அப்படிச் சொன்னால் என்ன. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுவார். வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் நாயே எழுந்து போய்விடும். இங்கே ஒருவர் கேட்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வருட இறுதிச் சுற்றுக்கு மூன்று வாரம் முன்னால் ஒன்று கேட்டார்.

"மொதல்ல ஆட வேண்டியது எதிராளி. அவர் ஆடறதுக்கு முந்தியே நான் மறந்துபோய் மேசையத் தட்டிட்டேன்னு வை. அப்ப என்ன ஆகும்?"

மேசையைத் தட்டினால் 'நான் பந்தயம் கட்டவில்லை, முறையைக் கடத்துகிறேன்' என்று அர்த்தம். நான் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துப் படமே போட்டு விளக்கினேன். "அவரும் தட்டிட்டா உங்க தட்டு செல்லும், நீங்க மாத்த முடியாது. ஆனா அவர் பந்தயம் கட்டினா நெலம மாறிடுச்சு. உங்க தட்டு செல்லாது. நீங்க எத வேணா செய்யலாம்."

"ஓ. அப்ப நாம பலவீனமா இருக்கோம்னு நெனச்சு அவர் கட்டிட்டா?"

"கட்டினா அவர் தலையெழுத்து. ஆனா வேணும்னே செஞ்சா அது பித்தலாட்டம், மிஸ் ஓபல்."

"சேச்சே. நான் ஏன் வேணும்னு செய்யப்போறேன்?" என்று சொல்லிவிட்டு அந்தக் கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறதிக்கார அம்மா, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். இதற்கு மேலும் என் புத்திசாலித்தனத்துக்குச் சாட்சி வேண்டுமா?

இந்த வருடம் மார்ச். மறுபடியும் மதியம், மறுபடியும் அதே இரண்டு பேர், மறுபடியும் தவளை. செட் என் பின்னால், தட்டுகளோடு எட்டுப் பேர் அவருக்குப் பின்னால். ஓபலிடம் கொஞ்சம் அதிகச் சில்லுகள் இருந்தன. கடைசி ஆட்டம் என்பதால் நான் மேசையிலிருந்து மூன்றடி தள்ளி நின்றேன். ஓபல் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நடுவருக்கு ஆசை கூடாது. இருந்தது.

ரொவீனா மேசை நடுவில், இரண்டு பேருக்கும் பொதுவான ஐந்தாவது, கடைசிச் சீட்டைத் திறந்தாள். ஒன்பது. முதலில் ஆட வேண்டியவர் மெர்ல். அவர் கன்னத்தில் கை வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோது, ஓபல் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"மிஸ் ஓபல், முறை டாக்டரோடது" என்றாள் ரொவீனா.

"அய்யய்யோ. மன்னிச்சுக்கம்மா. வயசாயிடுச்சுல்ல, கையி தானா போயிடுது."

மெர்லின் முகத்தை நான் பார்த்தேன். பல்லில் ஓட்டையைப் பார்த்த சந்தோஷம். விதி அவருக்குத் தெரியும். தான் பந்தயம் கட்டினால் ஓபலின் தட்டு செல்லாது என்றும் தெரியும். ஆனால் சீட்டு நன்றாக இருந்தால் இந்த அம்மா ஏன் அவசரப்பட்டுத் தட்ட வேண்டும்? மறதியில் மனசைக் காட்டிவிட்டது, பாவம். பித்தலாட்டம் தன்னுடைய சொந்தச் சொத்து, அதை வேறொருவர் எடுத்துக் கையாள்வார் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. கையில் ஏழும் நாலும் வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று சேராத குப்பையை வைத்துக்கொண்டு, எல்லாச் சில்லுகளையும் முன்னால் தள்ளினார். தோள்பட்டை அன்று பிடித்துக்கொள்ளவில்லை.

"மொத்தமும்."

"அந்தத் தவளையும் உள்ள வருதா டாக்டர்?" என்றார் ஓபல்.

ரொவீனா அனுமதி கேட்காமல் தவளையைத் தூக்கினாள். பின்னால் ஒரு மஞ்சள் சில்லு.

"இது எப்படி இங்க..." என்று மெர்ல் ஆரம்பித்தார்.

"உங்களுக்கே தெரியாது. தெரியும்" என்றார் ஓபல். "ஈடு கட்டறேன்." மெழுகுக் குச்சியை நகர்த்திவிட்டுத் தன் சீட்டுகளைத் திருப்பினார். இரண்டு ஒன்பது. மேசையில் மூன்றாவது.

எட்டுத் தட்டுகளும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. மெர்ல் தன் ஏழையும் நாலையும் பார்த்தார். பிறகு, என் பதினாறு வருட வேலையில் முதல் முறையாக, அவரே கையைத் தூக்கிக் கத்தினார்.

"ஃப்ளோர்!"

"இங்கதான் இருக்கேன் டாக்டர்."

"இவ வேணும்னே தட்டினா! முறை தெரியாதவ மாதிரி நடிச்சு என்னைக் கட்ட வெச்சா. இது ஏமாத்து வேல!"

"ஏமாத்து வேலைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாம இருக்குமா" என்று ரொவீனா முணுமுணுத்தாள்.

"நான் உங்கிட்டப் பேசல. டுவைட், பதினோரு வருஷமா ஆடறா. முறை தெரியாதா? இந்த ஆட்டமே செல்லாதுன்னு சொல்லு."

"முறை தவறி ஆடினா என்னன்னு விதில இருக்கு, டாக்டர். நீங்க கட்டினதும் அந்தத் தட்டு செல்லாமப் போச்சு. அது உங்களுக்கும் தெரியும்."

"எழுத்த விடுய்யா! முதல் பக்கத்த எடு! நியாயம்தான் பெருசுன்னு முதல் பக்கத்துல போட்டிருக்கா இல்லையா? நியாயத்தப் பாரு!"

செட் என் தோள் வழியாகக் குனிந்தார். "டாக்டர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, டுவைட்" என்று காதில் ஓதினார். ஒன்பது தட்டு நியாயம்.

நான் ஓபலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மெழுகுக் குச்சியை மேசையில் மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தார். நாலாக மடித்த அந்தக் கைக்குட்டை அவர் பையில் இருப்பது எனக்குத் தெரியும். மெர்ல் சொல்வது அட்சரம் பிசகாமல் உண்மை. அது வேண்டுமென்றே தட்டிய தட்டு. படம் போட்டுக் கற்றுக்கொடுத்தவன் நான்.

"மிஸ் ஓபல், முறை மறந்துபோய்த்தான் தட்டினீங்களா?"

"போன வருஷம் தவளைக்குப் பின்னால என்ன இருந்துச்சுன்னு டாக்டருக்கு எவ்ளோ தெரியுமோ, அவ்ளோதான் எனக்கும் தெரியும், டுவைட்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பக்கத்தை இன்று எடுத்தால் அது சரியான தீர்ப்பு. ஆனால் மெர்ல் ஏமாற்றியபோது எடுக்காத பக்கத்தை, மெர்ல் ஏமாந்தபோது மட்டும் எடுக்கும் ஆள் எப்படிப்பட்டவன்? எடுக்காவிட்டால் ஒரு பித்தலாட்டத்தைத் தெரிந்தே வாழ வைத்தவன். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு நல்ல பெயர் கிடையாது. வெட்கமாக இருந்தது. போன வருடமே ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றிருந்தால் இந்த நாற்றமெல்லாம் வந்திருக்காது.

"ஈடு கட்டினது கட்டினதுதான்" என்றேன். போன வருடம் சொன்ன அதே வார்த்தைகள். "டாக்டர் அவுட். முறை தவறினதுக்கு மிஸ் ஓபலுக்கு முதல் எச்சரிக்கை. தவளைக்கு ரெண்டாவது."

"இது நியாயமா?" என்று மெர்ல் எழுந்து நின்று கேட்டார். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. ஏமாற்றுகிறவர்களுக்கு ஏமாந்தால் எவ்வளவு வலிக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"இல்ல டாக்டர். சட்டம். போன வருஷம் உங்களுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சே."

வலிக்கவே வலிக்காது என்றும் சொல்லியிருப்பேன். செட் நின்றார், அடக்கிக்கொண்டேன்.

மெர்ல் எட்டு நண்பர்களோடு வெளியேறினார். இனி இந்தக் கட்டடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அடுத்த செவ்வாய் பத்தே முக்காலுக்கெல்லாம் வந்துவிட்டார். வேறு எங்கே போவார்? மற்ற இடங்களில் தவளையை மேசையில் விடுவதில்லை.

அன்று படம் எடுக்கும் நேரம் வந்தது. ஜெயித்தவர்கள் ஜெயித்த சீட்டுகளை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். ரொவீனா அந்த இரண்டு ஒன்பதையும் எடுத்து நீட்டினாள். ஓபல் வாங்கவில்லை. பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். நான் கொடுத்ததுதான். ஓரமெல்லாம் மடங்கி, காபிக் கறை பட்டு, ஒரு வருடம் படித்த புத்தகம் மாதிரி இருந்தது.

படம் எடுப்பவர் வெளிச்சத்தைச் சரி செய்துகொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போனேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணும்னேதானே தட்டினீங்க?"

"ஆமா."

"அது தப்பு, மிஸ் ஓபல்."

"தப்புதான். இல்லன்னா சொல்றேன்?" அவர் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார். "நீ முதல் பக்கத்த எடுத்து, ஆட்டம் செல்லாதுன்னு சொல்லியிருந்தேன்னு வை, ஒரு வார்த்த பேசாம எழுந்து போயிருப்பேன். அப்படிச் சொல்றதுதான் நியாயம்."

"அப்புறம் எந்த தைரியத்துல செஞ்சீங்க? நான் எடுத்திருந்தா?"

"நீ எடுக்க மாட்டேன்னு தெரியும் கண்ணு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. கீனோ காகிதத்தை மேசையில் வைக்கும் ஒருவரின் குரல். "டாக்டர் கட்டுவாரா மாட்டாரான்னு எனக்குப் பாதிப் பாதி சந்தேகம் இருந்துச்சு. உன்னப் பத்தி இல்ல. அத நான் போன வருஷமே பாத்துட்டேன்."

படம் எடுப்பவர் என்னை நகரச் சொன்னார். நகர்ந்தேன். சொன்னால் நகர்கிற ஆள்தானே நான்.

படம் இப்போது சுவரில் இருக்கிறது. மெர்லின் மூன்று தவளைகளுக்குப் பக்கத்தில், நிமிர்ந்த தலையோடு ஓபல். நெஞ்சுக்கு நேராக அந்தப் புத்தகம், விரித்த முதல் பக்கத்தோடு. கண்ணாடி போட்டுக்கொண்டால் எழுத்தைக்கூடப் படிக்கலாம். செட் எனக்கென்று ஒதுக்கியிருக்கும் மேசை அதற்கு நேர் எதிரே. தினமும் எட்டு மணி நேரம் அங்கேதான் நிற்கிறேன். மேசையை இடம் மாற்றலாமா என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், மின்கம்பி வசதி இல்லை என்றார்கள்.

வெளியூர்க்காரர்கள் சில பேர் படத்தைக் காட்டி, அந்த அம்மா கையில் வைத்திருப்பது என்ன புத்தகம் என்று என்னிடம் கேட்கிறார்கள். பஃபே மெனு என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.